நெட்டி முறித்த பாவம்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. வேலை என்று காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், நானே நம்பமாட்டேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டிலுள்ள தூசியெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதாம். எங்கள் உயிரை எடுக்கிறார்.

முதலில் ஒரு மன்னிப்பு. விடுதி அறையில் நீ நெட்டி முறிக்கும்போதெல்லாம், "நாற்பது வயதில் பேனா பிடிக்க முடியாமல் போகும், பார்" என்று சாபம் கொடுப்பேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டொனால்ட் அங்கர் என்று ஓர் அமெரிக்க மருத்துவர். அவருடைய அம்மா, அத்தைமார், பின்னாளில் மாமியார் என்று வரிசையாக வந்து மூட்டுவாதம் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். மனிதர் இடது கை விரல்களை மட்டும் தினம் இரண்டு முறையாவது முறித்து, வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டுவைத்தார். 50 ஆண்டுகள்! குறைந்தது 36,500 முறை. இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருவார்களே, அந்த இக் நோபல் பரிசையும் 2009-இல் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஆளின் கைகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நீ வாதாடுவாய். பலருடைய கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்விலும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. எலும்பு உரசும் சத்தமே இல்லையாம் அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு செய்யும் வேலை.

உன் எட்டு டம்ளர் தண்ணீர்க் கணக்கையும் விட்டுவிடு. அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் 1945-இல் இரண்டரை லிட்டர் என்று சொன்னது உண்மை. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியில் சொன்னதைத்தான் யாரும் படிக்கவில்லை. தாகம் எடுத்தால் குடி.

இதையெல்லாம் ஏன் உட்கார்ந்து தோண்டினேன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

இரண்டு மாதம் முன்பு, மதிய இடைவேளையில், என் எதிர் மேசைக்காரர் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். உடம்பு விறைத்தது, பிறகு கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. "நாக்கை விழுங்கிவிடுவார், வாயில் எதையாவது வையுங்கள்" என்று யாரோ கத்தினார்கள். யாரோ என்ன, நான்தான். என் ஸ்பூனையே எடுத்து, இறுகிக் கிடந்த பற்களுக்கு நடுவே நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம். நீ நெட்டி முறிப்பாயே, அதே சத்தம். முன்பல்லில் பாதி தரையில் கிடந்தது.

மருத்துவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாக்கு அடியில் கட்டுண்டு கிடக்கிறது, யாராலும் அதை விழுங்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு; அது ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால்? அந்தக் கேள்வியோடு பல இரவுகள் விழித்துக் கிடந்தேன். எதிர் மேசைக்காரரோ கட்டிய பல்லைக் காட்டி என்னிடம் சிரிக்கிறார்.

உன் அக்கா மகனுக்கு இரண்டு முறை வலிப்பு வந்ததாக எழுதியிருந்தாய் அல்லவா? பதில் எழுதக் கை வராததற்கு அதுவும் ஒரு காரணம். ராகவா, வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீரும் வேண்டாம், முழு நினைவு வரும்வரை. அழுத்திப் பிடிக்காமல், பக்கத்திலுள்ள மேசை நாற்காலியை நகர்த்திவிட்டு, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுங்கள். அன்று எனக்கு அரைமணி நேரம் போலத் தோன்றியது இரண்டு நிமிடம்கூட இல்லையாம்.

பையனின் வகுப்பாசிரியருக்கும் இதைத் தெரியப்படுத்து. அக்காவிடம் நீயே பேசிவிடு. நான் பேசினால் ஸ்பூனைப் பற்றியும் சொல்லவேண்டி வரும்.

உன்,
சேகர்