பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோனவளுக்கு

தலவாக்கலை
08.06.2025

அன்புள்ள மைனா,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் வீட்டுச் சுகத்தை உன் மருமகள் போடும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்துக்கொள்கிறேன். பேரனுக்கு மொட்டை போட்டாயிற்று, கோத்தகிரியில் மழை, உன் வீட்டுக்காரர் இன்னும் அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். ஐந்து மாதம் ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு. குரல் பதிவாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதைச் சத்தமாகப் போடுவாய், அடுப்படியில் இருக்கிற எல்லாரும் கேட்பார்கள். இது அப்படிக் கேட்கிற சங்கதி இல்லை.

முதலில் துக்கச் செய்தி. நம் மாலினி போய்விட்டாள். மே 24, சனிக்கிழமை. 78 வயது. ரேடியோவில் ‘சிங்களத் திரைப்பட நடிகை மாலினி பொன்சேகா காலமானார்’ என்று சொன்னபோது என் கை ரொட்டி மாவில் இருந்தது. கழுவாமல் அப்படியே இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். ‘அவர்’ என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், பேனா ஓடவில்லை. பதினாறு வயதில் நாம் ‘நம்ம மாலினி’ என்று பேசின பழக்கம். திங்கட்கிழமை கொழும்பில், சுதந்திர சதுக்கத்தில், அரச மரியாதையோடு தகனம் செய்தார்கள். டீவியில் முழுவதையும் பார்த்தேன். மருமகன் இரண்டு தரம் செய்தி பார்க்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

உனக்கு அந்த நாள் நினைவிருக்கும். இல்லையென்றால் உன்னோடு பேச எனக்கு ஒன்றுமில்லை. ‘பைலட் பிரேம்நாத்’ அட்டனுக்கு வந்தபோது, தமிழ்ப் பரீட்சைக்குக் கூட்டுப் படிப்பு என்று பீப்பாய் டீச்சரிடம் பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறினோமே. சிவாஜிக்குப் பக்கத்தில் நம் நாட்டுப் பெண். ‘இலங்கையின் இளங்குயில்’ பாட்டு வந்தபோது தியேட்டரில் விசில் நிற்கவே இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் நீ அவளைப்போல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க, டிக்கட் பரிசோதகர் கழுத்து வலியா என்று கேட்டார். மஞ்சள் குடைக் கதை அதற்குப் பிறகுதான். அதை எழுதமாட்டேன், பயப்படாதே.

இரண்டு வருடத்தில் உங்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப சிறிமாவும் சாஸ்திரியும் 1964இல் போட்ட கையெழுத்து, 1980இல் உன்னைத் தலைமன்னாரில் கப்பல் ஏற்றியது. தகரப் பெட்டியில் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோய்விட்டாய். பாதிக் காசு நான் கொடுத்தது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

நீ போன பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். உனக்கு மாலினி என்றால் அந்த ஒரு படம். எனக்கு அதன் பிறகுதான் மாலினி ஆரம்பித்தாள். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. தோட்டத்தில் முதல் டீவி பெரிய கிளாக்கர் வீட்டில். ஜன்னலுக்கு வெளியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாங்கள். வகுப்பில் வராத சிங்களம் எனக்கு அந்த ஜன்னலில்தான் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நாம் அட்டனில் விசில் அடித்துப் பார்த்தவள் அதற்கு முன்பே 1975இல் மொஸ்கோ திரைப்பட விழாவில் விருது வாங்கினவள் என்று. படத்தின் பெயர் ‘ஏயா தன் லொகு லமயெக்’. அவள் இப்போது பெரிய பிள்ளை என்று அர்த்தம். எடுத்தவர் தர்மசேன பத்திராஜ. அவர்தான் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தமிழில் ‘பொன்மணி’யும் எடுத்தார். ஒரு சிங்களவர் தமிழ்ப் படம் எடுக்கிறார், ஒரு சிங்களப் பெண் சிவாஜிக்கு மனைவியாக வருகிறாள், நம் வி. பி. கணேசன் தேயிலை மலையில் ‘புதிய காற்று’ எடுக்கிறார். எல்லாம் அந்த ஐந்தாறு வருடத்துக்குள். அப்போது அது அதிசயமாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

ஜனாதிபதி விருது மூன்று தரம்: 1980இல் ‘ஹிங்கன கொல்லா’, 1982இல் ‘ஆராதனா’, 1983இல் ‘யச இசுரு’. அந்த 1983 ஜூலை இனக்கலவரத்தில் நாங்கள் ஸ்டோருக்குப் பின்னால் தேயிலைக்குள் மூன்று இரவு கிடந்தோம். இதையும் அதையும் சேர்த்து யோசிப்பதில் நியாயம் இல்லை, அவள் என்ன செய்வாள். ஆனாலும் அந்த வருடத்தை எங்கே படித்தாலும் எனக்கு ஈரச் சாக்கு மணம்தான் வருகிறது. சரி, விடு.

நடிப்போடு நிற்கவும் இல்லை. 1984இல் ‘சசர சேதனா’ படத்தை அவளே இயக்கினாள். டீவிக்கும் போனாள். இந்த நாட்டில் டெலிநாடகம் இயக்கின முதல் பெண் அவள்தான், ‘நிருபமாலா’ என்று. 2010இல் சிஎன்என் ஆசியாவின் மிகச் சிறந்த நடிகர்கள் 25 பேரைத் தேர்ந்தபோது அதிலும் அவள் பெயர். அதே வருடம் தேசியப் பட்டியலில் பாராளுமன்றத்துக்கும் போனாள். அந்த வேஷத்துக்கு மட்டும் நான் விசில் அடிக்கவில்லை.

தகனம் முடிந்த வாரம் பழைய படங்களாகப் போட்டார்கள். பேத்தியோடு உட்கார்ந்து ‘நிதானய’ மறுபடி பார்த்தேன். வெனிஸில் 1972இல் பரிசு வாங்கின லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படம். புதையலுக்குப் பலி கொடுக்க, உடம்பில் குறிப்பிட்ட மச்சங்கள் உள்ள பெண்ணைத் தேடி ஒருவன் கலியாணம் கட்டுகிறான். அந்தப் பெண் மாலினி. அவளுக்கு ஒன்றும் தெரியாது, அன்பாக இருக்கிறாள். நமக்குத் தெரியும். அவள் சிரிக்கிற ஒவ்வொரு தரமும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அவள் பெரிதாக எதுவும் ‘நடிக்கவே’ இல்லை, மைனா. நம் ஆட்கள் அழுதால் அடுத்த லயத்து வீட்டு வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். இவள் கணவனை நம்புகிறாள், அவ்வளவுதான். படம் முடிந்ததும் பேத்தி எழும்பிப் போகாமல், “அம்மாயி, எனக்கு ஒரு சான்ஸ் வந்திருக்கு” என்றாள்.

இதுதான் சங்கதி. இதற்காகத்தான் ஐந்து மாத மௌனத்தை உடைக்கிறேன்.

உனக்குத் தெரியும், அவள் ஏ.எல். உயர்தரப் பரீட்சையில் நாடகமும் அரங்கியலும் எடுத்தவள். மூன்று பாடமும் சித்தி. மட்டக்களப்பில் விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்துக்குப் போய் முறையாகப் படிக்கட்டும் என்பது என் கனவு. அவளோ கொழும்பில் ஒரு சிங்கள டெலிநாடகத்துக்கு ஆள் தேர்வென்று சிநேகிதியோடு போய், எங்களிடம் சொல்லாமலே தெரிவாகியும் வந்திருக்கிறாள். (பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறுவது நம் பரம்பரை வியாதி போலிருக்கிறது.) மகளுக்கு வாயெல்லாம் பல். லயத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. கோயில் தலைவர் இப்போதே பொன்னாடை என்கிறார்.

என்ன வேஷம் என்று கேட்டேன். கொழும்பில் ஒரு பங்களாவில் வேலைக்கு நிற்கிற தோட்டத்துப் பெண். நான் ஒன்றும் பேசவில்லை. நம் பிள்ளைகள் அப்படிப் போனதும் போவதும் உண்மைதானே, உன் சின்னக்கா போகவில்லையா? வேலைக்காரியாக நடிப்பதில் குறைவும் இல்லை. ஆனால் வசனத் தாளைக் காட்டினாள் பார். அதில் பேச்சு முழுவதும் உடைந்த சிங்களம். இறந்தகாலத்தில் சொல்லவேண்டியதை எதிர்காலத்தில் சொல்லி, சொற்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் போட்டு, வீட்டுக்காரர்கள் சிரிப்பதற்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்குச் சிங்களம் தண்ணீர்போல் வரும், மைனா. டவுனில் அவள் பேசினால் யாரும் இவள் யாரென்று திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுடைய சிங்களத்தைக் கேட்டுத்தான் தெரிவு செய்தார்களாம். தெரிவு செய்துவிட்டு, “இவ்வளவு நல்லா வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் உடைச்சுப் பேசுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக் கொடுத்தவள் நான். நன்றாகப் பேசத் தெரிந்தவளைத் தெரியாதவள்போல் பேசச் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்து, நாளைக்கு விருதும் கொடுப்பார்களா? கொடுத்தாலும் கொடுப்பார்கள். இப்போது இங்கே விருதுக்குக் குறைவில்லை. சினிமாவுக்குச் சரசவிய, டீவிக்குச் சுமதி, சோயா மீட் கம்பெனி பெயரில் ரைகம். மேடையில் என் பேத்தி மூன்று மொழியிலும் அழகாக நன்றி சொல்வாள். கீழே இருப்பவர்கள், ‘அட, இவளுக்கு நல்லா வருதே’ என்று ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியத்தை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள் காலை இதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். சிவாஜி படத்தில் சிங்களப் பெண் கதாநாயகியாக வந்தாள், உனக்கு ஏன் இந்த வேஷம், மாலினி இதைச் செய்வாளா என்று, நாடகத்தனமாகவே கேட்டேன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அமைதியாகக் கேட்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அம்மாயி, தமிழ்த் தினப் போட்டிக்கு நீங்க எழுதின நாடகத்துல நான் சூன்பாண்காரரா வந்தேனே, என்ன தமிழ் பேசினேன்?”

மைனா, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நாடகத்தின் வீடியோவை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். நீயும் சிரித்துச் சிரித்து எனக்குப் பதில் போட்டாய். லயத்துக்குப் பாண் ரொட்டி விற்கவருகிற சிங்களத் தாத்தாவை நான்தான் “நம்ம பாண் நல்லா இருக்குது பண்றான்” என்று பேசவைத்தேன். நிஜத்தில் அந்த மனுஷன் முப்பது வருடமாக நம் லயங்களில் திரிந்து, என் மருமகனைவிட நல்ல தமிழ் பேசுகிறவர். என் காது கேட்காததால் அல்ல, சபை சிரிக்கும் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன். சிரித்தார்கள். மாகாண மட்டத்தில் இரண்டாம் இடமும் கொடுத்தார்கள். கேடயம் இப்போதும் டீவிக்கு மேல்தான் இருக்கிறது. அவள் கேட்டபோது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் தடுக்கவும் முடியவில்லை, வாழ்த்தவும் வாய் வரவில்லை. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். காமன் கூத்தில் இருபது வருடம் ரதி வேஷம் கட்டின மனுஷன், உனக்குத்தான் தெரியுமே, மீசையை வழித்த அன்று நம் வீட்டில் அம்மா சமைக்கமாட்டாள். பெண்ணே இல்லாத மேடையில் பெண்ணாக நின்று, காமன் எரிந்ததும் அவர் அழுகிற அழுகையில் மலையே அழும். அவருக்குக் கிடைத்த விருது வருடத்துக்கு ஒரு வேட்டி. ஒரு வருடம் அதுவும் இல்லை, கங்காணி மறந்துவிட்டார். அவர் பேத்தியாக இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். அட, இவள் அவருடைய கொள்ளுப்பேத்திதானே!

நேற்று இரவு அவளே ஒன்று சொன்னாள். வசனத்தைக் கேட்டபடி உடைத்துப் பேசப்போகிறாளாம். ஆனால் கதையில் அந்தப் பெண் இரவு தனியாகத் தாய்க்குப் போன் எடுக்கிற காட்சி இருக்கிறது, அது சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை மட்டும் தமிழில், நம் லயத்துத் தமிழில், பேச விடுங்கள் என்று கேட்கப்போகிறாளாம். “அதுல ஒரு வார்த்தைகூட உடையாது, அம்மாயி” என்றாள். விடுவார்களோ என்னவோ. அவர்கள் மறுத்தால் என்ன செய்வாய் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நான்தான் உட்கார்ந்து அந்த வசனத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன், விடிய இரண்டு மணி வரை. நாலு வரிதான். ‘சாப்பிட்டியா’ என்பதற்குப் பிறகு அந்தத் தாய் என்ன கேட்பாள் என்று எனக்கு ஓடவே இல்லை. உன் சின்னக்கா அந்த நாளில் கொழும்பிலிருந்து எழுதுகிற கடிதங்களில் முதலில் என்ன எழுதுவாள்? உனக்கு நினைவிருந்தால் உடனே சொல். திங்கள் 16ஆம் தேதி சூட்டிங், ஞாயிறு இரவே பஸ் ஏறுகிறாள், மகள் கூடப் போகிறாள்.

வேறு செய்தி ஒன்றுமில்லை. தோட்டத்து நாள் சம்பளம் 1700 ரூபாய், 1700 ரூபாய் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கையில் வருவது 1350. எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, முழங்கால் மழைக்கு முன்னமே மழையைச் சொல்லிவிடுகிறது. பீப்பாய் டீச்சர் கண்டியில் மகனோடு இருக்கிறார், 88 வயது, இன்னும் பெயர் சொல்லி அதட்டுகிறார்.

அப்புறம், பாட்டுப் புத்தகம். பேத்தி பார்க்கவேண்டும் என்கிறாள். அட்டையில் மாலினி இருந்தாளா, சிவாஜி மட்டும்தானா என்று எங்களுக்குள் பந்தயம் வேறு. தபாலில் அனுப்பிவிடாதே, கரைந்து வரும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதாம். 45 வருடம் வைத்திருந்தாய், இனி என் முறை. நீயே கொண்டு வா. சாம்பல் ஸ்வெட்டரையும் கூட்டிக்கொண்டு வா, இங்கே குளிர்தான்.

உன்
கொடுக்காப்புளி