செடி தின்னும் மீனை நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கென்று விற்றது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்களிடம் வாங்கிய இரண்டு மீன்களின் பையில் ஒட்டியிருந்த சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் உள்ளது இதுதான்: ‘சாதுவானது. 15 செ.மீ. வரை வளரும். செடித் தொட்டிக்கு ஏற்றது.’ முதலாவதைப் பற்றி நான் வாதாடவில்லை. மற்ற இரண்டும் அப்பட்டமான பொய்.

ஆரஞ்சு உடலில் ஆறு கறுப்புப் பட்டைகளோடு இருக்கும் இந்த மீன் டிஸ்டிகோடஸ் செக்ஸ்ஃபாசியாட்டஸ். காங்கோ ஆற்றுப் படுகையிலும் டாங்கனிக்கா ஏரியிலும் வாழ்வது. 1897-இலேயே அறிவியல் பெயர் பெற்றுவிட்ட இனம் என்பதால், விவரம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. 75 செ.மீ. வரை வளரக்கூடியது, நீங்கள் அச்சிட்டதைப் போல ஐந்து மடங்கு. வளர வளர அந்த ஆரஞ்சு நிறமும் வெளுத்துச் சாம்பலாகிவிடும். படத்தில் நிறத்தைக் காட்டித்தானே விற்கிறீர்கள், அதையாவது சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்றின் மூக்கு மட்டும் நீண்டு கூம்பியிருக்கிறது. அது லூசோசோ என்ற வேறு இனமோ என்று சந்தேகப்படுகிறேன். அதுவும் 15 செ.மீ.யில் நிற்கிற மீன் அல்ல.

செடிகளின் கதி என்னவென்றால், முதலில் வாலிஸ்னேரியா போயிற்று. அமேசான் வாள் செடியில் இலைகளின் நடுநரம்பு மட்டும் நிற்கிறது. மிச்சமிருக்கும் ஓரங்களில் சின்னச் சின்னப் பிறைகளாகக் கடித்த தடம். நுனி இரண்டாகப் பிரிந்த பற்கள் இந்த மீனுக்கு. தடித்த இலை என்று நம்பி வைத்த அனுபியாஸும் தப்பவில்லை. கத்தரித்த இலைத்துணுக்குகளும் நூல்நூலாக விழும் கழிவும் ஃபில்டர் பஞ்சை ஓயாமல் அடைக்கின்றன.

இதை எழுதிக் கேட்டதற்கு, ‘வயிறு நிறையத் தீனி போட்டால் செடியைத் தொடாது’ என்று உங்கள் ஊழியர் பதில் அனுப்பினார். கீரை, வெள்ளரித் துண்டு, பாசி வில்லை எல்லாம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். புண்ணாக்கு வைத்தால் மாடு வயலில் வாய் வைக்காதா?

இரண்டு மீன்களையும் உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு, மீனுக்கும் அழிந்த செடிகளுக்குமான தொகையைத் தர வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி வைத்திருப்பவர்களிடம்தான் அவற்றை ஒப்படைக்க வேண்டும். ‘குளத்தில் விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள். அயல்நாட்டு மீனை நீர்நிலையில் விடுகிற வேலையை நான் செய்ய மாட்டேன். சீட்டைத் திருத்தும்வரை இந்த மீன்களின் விற்பனையையும் நிறுத்தி வையுங்கள்.

சீட்டின் நகலும் தொட்டியின் படங்களும் இணைத்துள்ளேன். எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்