மணியாச்சிக் கொலை வழக்கின் கோப்புகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஆர்.கே. புரம், புது தில்லி.
(பெயரும் முழு முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய தேசிய ஆவணக் காப்பகம்,
ஜன்பத், புது தில்லி.

பொருள்: 17.6.1911 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டது குறித்தும், அவரைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் குறித்தும் உள்ள அரசுக் கோப்புகளை மின்னுருவாக்கம் செய்து, தமிழ் விளக்கத்துடன் வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தில்லியில் உள்ள தமிழ்ப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு தரும் உரிமையின்படி இம்மனுவைத் தமிழிலேயே எழுதுகிறேன். இந்தி மொழிபெயர்ப்பை உடன் வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை, "வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்தவர்" என்று நான் சொன்னதும் முன்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "லால் கிலாவுக்குள்ளயா மேம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் மேல் தவறில்லை. இங்கே பிறந்து வளரும் பிள்ளைக்குச் செங்கோட்டை என்றால் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றும் கோட்டைதான். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு செங்கோட்டை உண்டு, அது 1956 நவம்பர் 1 வரை தமிழகத்தோடு சேராமல் இருந்தது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். அதற்கு அடுத்து அவன் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை: "அவரு ஏன் சுட்டாரு மேம்?" அந்தக் கேள்விதான் இத்தனை ஆண்டுகள் கழித்து என்னை இம்மனுவை எழுத வைத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த வரலாற்றை முதலில் தங்கள் முன் வைக்கிறேன். வாஞ்சிநாதன் 1886இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் சங்கரன். தந்தை ரகுபதி ஐயர், தாய் ருக்மணி அம்மாள், மனைவி பொன்னம்மாள். அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்தச் சமஸ்தானத்தின் வனத்துறையில், புனலூரில், அவருக்குச் சிறிய வேலை. 1904இல் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டை ரயில் புனலூர் வழியாகத்தான் மலையேறி ஊர் வந்து சேரும். மாதச் சம்பளம், வீடு, மனைவி என்று இருந்த 25 வயது இளைஞர், நீலகண்ட பிரம்மச்சாரி அமைத்த பாரத மாதா சங்கம் என்ற ரகசியப் புரட்சி அமைப்பில் சேர்ந்தார். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார் என்பார்கள்.

ஆஷ் மேல் ஏன் கோபம் என்று கேட்டால், பாடப்புத்தகம் வ.உ. சிதம்பரம் பிள்ளையைச் சொல்லும். அதில் உண்மை இருக்கிறது. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம், மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானது, மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் இறந்தது, ஜூலை 7 அன்று வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது என்று கப்பல் கம்பெனிக்குப் பின் வந்த இவையெல்லாம் ஐந்து மாதங்களுக்குள் அடுத்தடுத்து நடந்தன. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து இந்த அடக்குமுறையில் பங்கு கொண்டவர் ஆஷ். அவரே 1910இல் திருநெல்வேலிக்குக் கலெக்டராக வந்தார்.

1911 ஜூன் 17 சனிக்கிழமை காலை. கொடைக்கானலில் இருந்த தம் நான்கு குழந்தைகளைப் பார்க்க ஆஷும் மனைவியும் கிளம்பியிருந்தார்கள். மணியாச்சியில் போட் மெயில் ரயிலுக்காக அவர்கள் முதல் வகுப்புப் பெட்டியிலேயே காத்திருந்தபோது வாஞ்சிநாதன் ஏறி, பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடி, தம் வாயில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொண்டு இறந்தார். உடன் வந்ததாகச் சொல்லப்படும் மாடசாமி கடைசிவரை பிடிபடவே இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் 14 பேர் மேல் திருநெல்வேலி சதி வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு சிறை. கணவனின் உயிர் கண்ணெதிரே போனதைப் பார்த்தவர் ஆஷின் மனைவி. செங்கோட்டையில் பொன்னம்மாளுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது, யார் சொன்னார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மேடைகளில் இந்த இரண்டு பெண்களையும் பற்றி யாரும் பேசுவதில்லை.

இறந்தவரின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. இம்மனுவின் உயிரே அந்தக் கடிதம்தான். அதில் ஆஷின் பெயர் இல்லை. வ.உ.சி.யும் இல்லை, கப்பலும் இல்லை. ஆங்கிலேயர் தேசத்தைப் பிடுங்கிக்கொண்டு சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்று அது தொடங்குகிறது. ராமனும் சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாட்டில், கோமாமிசம் தின்னும் மிலேச்சனாகிய "ஜார்ஜ் பஞ்சம"னுக்கு முடிசூட்டப் பார்க்கிறார்களே என்று கொதிக்கிறது. அவன் இங்கே காலை வைத்தால் கொல்வதற்கு 3,000 மதராசிகள் சபதம் செய்திருப்பதாகவும், "அவர்களில் கடையேனாகிய நான்" இதைச் செய்தேன் என்றும் சொல்கிறது.

தில்லித் தமிழர்களுக்கு அந்த மதராசி என்ற சொல் புதிதல்ல. ஜங்புராவில் பாராபுல்லா ஓரம் நம்மவர்கள் குடியிருந்த இடத்துக்கே மதராசி கேம்ப் என்றுதான் பெயர். இந்தச் சொல்லால் ஏளனப்பட்டு அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன். ஒரு தமிழர் தம் கைப்பட, தம் ஆட்களுக்குப் பெருமையோடு இட்ட பெயர் அது என்பதை அந்தக் காகிதத்திலேயே அவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன்.

அதே காகிதத்தில் "பஞ்சமன்" என்ற சொல்லும் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் என்பதன் வடமொழி வடிவம்தான் அது என்பார் ஒரு சாரார். தாழ்த்தப்பட்ட மக்களைக் குறிக்கும் பெயரைச் சொல்லி அரசனை இழிவு செய்தது என்பார் மறு சாரார். கோமாமிசம், மிலேச்சன் என்ற சொற்களோடு சேர்த்துப் படிக்கையில், அது வெறும் எண்ணைத்தான் குறிக்கிறது என்று என் மாணவர்களிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சொல்வதால் வாஞ்சிநாதன் உயிரைக் கொடுத்த துணிவு சிறுத்துவிடாது. அந்தத் துணிவுக்காக இதை மறைப்பதும் நியாயமாகாது.

இப்போது பிள்ளைகளின் கைபேசிக்கு வருபவை இரண்டே கதைகள். ஒன்று, வ.உ.சி.க்காகப் பழி தீர்த்த வீரன். மற்றொன்று, பிரசவ வலியில் துடித்த தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்கிரகாரம் வழியே ஆஷ் வண்டியில் அனுப்பினார், அந்தச் சாதிக் கோபத்தில்தான் கொன்றார்கள் என்பது. இந்த இரண்டாம் கதைக்கு அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றையும் எவரும் எனக்குக் காட்டியதில்லை. முதற்கதையைச் சொல்கிறவர்களோ கடிதத்தில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் இதற்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அசலைப் பார்க்காமலேயே இரு தரப்பும் அடித்துக்கொள்கிறது.

இந்த வழக்கு தில்லிக்கு அந்நியமானதும் அல்ல. கொலை நடந்த ஐந்தாம் நாள், ஜூன் 22 அன்று, லண்டனில் ஜார்ஜுக்கு முடிசூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று அவரே தில்லி தர்பாரில் அமர்ந்து, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து இங்கே மாறுவதாக அறிவித்தார். பின்னாளில் இந்தியா கேட் அருகே மண்டபத்தில் நின்ற அவர் சிலை, இன்று புராரி சாலைப் பக்கம் முடிசூட்டுப் பூங்காவில் நிற்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். வாஞ்சிநாதனின் கடிதம் யாரைக் குறித்து எழுதப்பட்டதோ, அவரை அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கடிதத்தை மட்டும் அவர்களுக்குக் காட்ட என்னிடம் வழியில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். தங்கள் காப்பகத்தில் உள்ள உள்துறை (அரசியல்) வரிசையின் 1911, 1912 ஆண்டு நடவடிக்கைகளில் ஆஷ் கொலை, பாரத மாதா சங்கம், திருநெல்வேலி சதி வழக்கு தொடர்பான கோப்புகளை ஒன்றாகத் தொகுத்து, பக்கம் விடாமல் மின்னுருவாக்கி, 'அபிலேக் படல்' தளத்தில் வெளியிட வேண்டும். அவற்றுள் கடிதத்தின் நகலோ மொழிபெயர்ப்போ இருந்தால், அதைத் தனியே, பெரிதாக்கிப் படிக்கும் அளவில் தர வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் தமிழில் ஒரு பத்தி விளக்கம் போதும். வாஞ்சிநாதன் என்று தமிழில் தட்டச்சு செய்யும் பிள்ளைக்குக் கோப்பு கிடைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும், இந்தியா ஆபீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கும் தாங்கள் எழுதி, அவர்களிடம் உள்ள இதே பொருள் பற்றிய தாள்களின் படிகளையும் இதனுடன் சேர்க்க ஆவன செய்ய வேண்டும். தமிழ் விளக்கம் எழுதவும் பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்லவும் நான் ஊதியமின்றி உதவத் தயார். என்னோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நால்வரும் சம்மதித்துள்ளனர்.

மின்னுருவாக்கத்துக்கு நாளாகும் எனில், அதுவரை ஜூன் 17ஐ ஒட்டி ஒரு நாள், தில்லித் தமிழ் மாணவர்கள் சிலருக்கு அந்தக் கோப்புகளைத் தங்கள் ஊழியர் மேற்பார்வையில் நேரில் காண அனுமதி தந்து, தேதியை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: புது தில்லி
இணைப்பு: இந்தி மொழிபெயர்ப்பு, உதவ முன்வந்த ஆசிரியர்களின் ஒப்புதல் கடிதங்கள் 4.