மறுநடவுக்கு முன் நம் லயங்களை அளந்து பதிவு செய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நடப்பட்டதையும், ஆட்கள் வெளியேறியபின் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். செம்பனை நன்கு காய்க்கும் காலம் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அடுத்த ஆண்டு மறுநடவுக்காக இயந்திரங்கள் வந்து மரங்களைச் சாய்த்து நிலத்தைப் புரட்டும்போது, முதல் நடவில் தப்பிய வீட்டு அடித்தளங்களும் கால்வாய்களும் மிஞ்சப்போவதில்லை.

இன்றும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ நிற்கும் இடத்தில் சருகை விலக்கினால் சிமெண்டுத் தரை தெரிகிறது. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களம், குழாயடி மேடை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையின் படிகள், ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளின் உடைசல், கள்ளுக்கடைப் பக்கத்துப் போத்தல்கள் ஆகியவை அதனதன் இடத்திலேயே கிடக்கின்றன. இந்தக் குப்பையில் ஆராய என்ன இருக்கிறது என்று நம்மவர்களே கேட்டார்கள். துரை பங்களாவுக்குப் பல நிழற்படங்கள் கிடைத்த நமக்கு, லயத்துக்கு உருப்படியாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் இருப்பதோ பெயரும் கூலியும் மட்டுமே. எந்த வீட்டார் எதில் சமைத்தார்கள், கொல்லையில் எதை வளர்த்தார்கள், உடைந்ததை எப்படி ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அந்தக் குப்பையே சான்று.

கங்காணிகள் வழியாகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்துகொண்டிருந்த ஆள்வரத்தை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. பின்னர் ஜப்பானியர் காலத்தில், 1943இல், தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டோரில் மிகப் பலர் திரும்பவில்லை. நம் லயத்தில் அதன்பின் பூட்டிக் கிடந்த வீடுகள் எவை என்று பெற்றோர் சொல்லக் கேட்டு நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களை அழைத்துச் சென்று, ஒவ்வோர் அடித்தளத்தின் மீதும் நிறுத்தி, அவர்கள் சொல்லும் பெயர்களை வரைபடத்தில் பதிவதே இப்பணியில் முதன்மையானது. அளவுக் கருவிகளைப் பிறகும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மண்ணைத் தோண்டும் எண்ணம் நமக்கு இல்லை. நில உரிமையாளரின் அனுமதியுடன், தரைக்கு மேல் தெரிபவற்றை அளந்து, படமெடுத்து, எண்ணிட்டு வைக்கவே திட்டமிட்டுள்ளோம். நில அளவையாளர் ஊதியம், டிரோன் படப்பிடிப்பு, முதியோருக்கான வேன், ஒலிப்பதிவுகளை எழுத்தில் கொண்டுவரும் வேலை ஆகிய எல்லாவற்றுக்கும் 24,000 ரிங்கிட் தேவைப்படும் எனக் கணக்கிட்டுள்ளோம். இதில் பெரும்பங்கு அளவையாளருக்கே போகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. தங்களால் இயன்ற தொகையைக் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வரவு செலவுக் கணக்கு கோயில் திருவிழாவன்று எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

பணம் தர இயலாதவர்கள் பழைய நிழற்படங்களையும் செக்ரோல் தாள்களையும் படியெடுக்கத் தந்து உதவலாம். தோட்டத்துக்குப் போய் நினைவுக்காக மங்கும் உளியும் எடுத்து வந்தவர்கள் அவற்றைத் திருப்பித் தரும்போது, எந்த லயத்தருகே கிடந்தன என்பதையும் சொன்னால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
குழுவினர்