நத்தம் சாலையோரத்து ஊராருக்கு ஒரு நன்றி மடல்

குன்றக்குடியிலிருந்து பழனிக்குச் செல்லும் தைப்பூசப் பாதயாத்திரை வழியில், சமுத்திராப்பட்டியைத் தாண்டி நத்தம் செல்லும் சாலையோரம் இருக்கும் அந்தச் சிற்றூர் மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம். அப்பா நேற்று மாலை வீடு திரும்பிவிட்டார். கஞ்சி குடித்தார், நன்றாகப் பேசுகிறார். அன்று இரவு அப்பா உங்கள் ஊரில் மயங்கி விழுந்தபின் நடந்ததை நீங்களே கண்ணால் கண்டவர்கள் என்பதால் அதை மீண்டும் எழுதவில்லை.

108 வண்டிக்குச் சொல்லி அனுப்பிய இளைஞர்கள், கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தவர்கள், டார்ச் அடித்து லாரிகளை ஒதுக்கிவிட்டவர்கள், அப்பாவின் காவடியை விடியும்வரை பிள்ளையார் கோயில் திண்ணையில் வைத்துக் காத்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும் இம்மடலை எழுத வைத்தது, புளியமரத்தை ஒட்டிய வீட்டுப் பெரியம்மா செய்த ஒரு காரியம். வண்டி வந்து நின்றபோது அப்பாவுக்குத் தம் உடம்பைப் பற்றிய கவலையே இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் தவறாமல் நடந்தவர், வண்டியில் ஏறினால் வேண்டுதல் முறிந்துவிடும் என்று என் கையை இறுகப் பற்றிக்கொண்டு மறுத்தார். நாங்கள் கெஞ்சியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பெரியம்மா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், துவைக்கும் இடத்தில் கிடந்த கருங்கல் ஒன்றை எடுத்துவந்து, குழைத்த மஞ்சளை அதன்மேல் தடவி, அப்பா விழுந்த இடத்துக்கு நேராக மரத்தடியில் ஊன்றினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "சாமி, நீங்க நடந்து வந்தது இதுவரைக்கும். மிச்சத்தை அடுத்த தையில இங்கிருந்து நடங்க. கல்லு எங்கேயும் போகாது" என்றார். அப்பா என் கையை விட்டார்.

சிங்கம்புணரியிலும் நத்தத்திலும் திண்டுக்கல்லிலும் தங்குமிடத்தையும் அன்னதானப் பந்தலையும் தேடி நின்ற நாங்கள், பந்தல் எதுவுமில்லாத உங்கள் ஊரை இருட்டோடு இருட்டாக அரோகரா சொல்லிக் கடந்தே பழகியவர்கள். எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டபோது, இத்தனை ஆண்டுகள் அவ்வழியே நடந்தும் எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை என்பதை நினைக்க இன்னும் மனம் உறுத்துகிறது.

மருத்துவர் அனுமதித்தால் அடுத்த தையில் அப்பாவை அந்தக் கல்லிடம் அழைத்து வருவோம். காவடியை நான் சுமப்பேன், எத்தனை நாள் ஆனாலும் அவர் நடையின் வேகத்திலேயே போவோம். நேற்று இரவு படுக்கப் போகுமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: மழை பெய்தால் மஞ்சள் கரைந்துவிடாதா என்று. பெரியம்மா, நாங்கள் வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் மஞ்சள் தடவி வையுங்கள்.