தங்கசேரிக் கோட்டையை முதலில் அளந்து பதிவுசெய்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டி, 1661இல் டச்சுக்காரர் கைப்பற்றிய கொல்லம் தங்கசேரிக் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை கடலோரத்து இடிசுவர்கள் மட்டுமே. செங்கோட்டை ரயிலில் வந்திறங்கும் நம்மவர்கள் 1902இல் எழுந்த கலங்கரை விளக்கத்தில் ஏறிப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைப் பக்கம் எட்டிப் பார்ப்பவர் குறைவு. அருகில் சென்றால், செம்புரைக்கற்களுக்கு இடையே சுண்ணாம்புக் காரை கரைந்து விரல் நுழையும் இடுக்குகள் விழுந்திருப்பதையும், உப்பு பொரிந்த கல்லின் முகம் தொட்டாலே உதிர்வதையும் காணலாம்.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இச்சின்னத்திற்கு உடனடித் தேவை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கரையின் நகர்வையும் சுவரின் சாய்வையும் அளந்து, முப்பரிமாணப் பதிவாக வைப்பதே. சிமென்ட் பூசினால் போதும் என்போர் இன்னும் இருக்கிறார்கள். அது உப்புநீரை உள்ளேயே அடைத்துக் கல்லை மேலும் பிளக்கும் என்பதால், சுண்ணாம்புக் காரையே ஏற்றது. பாறாங்கற்களைக் கொட்டுவதும் அலையின் வேகத்தைப் பக்கத்து மீனவர் குடியிருப்புப் பக்கம் திருப்பிவிடக்கூடும். ஆகவே கடலோரப் பொறியாளர்களின் ஆய்வுக்குப் பின்னரே தடுப்புச்சுவர் பற்றித் துறையும் மாநில அரசும் முடிவெடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொல்லம்.