ஆண்டு விழா நாடகம் மீண்டும் நடக்கிறது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பெரும்பாலான வகுப்புகளில் தேர்ச்சி கூடியிருக்கிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கோலப் போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். மழை விடுமுறையில் விட்டுப்போன பாடங்களையும் சனிக்கிழமைகளில் நடத்திவிட்டோம். பரிசு பெற்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

சரி, ஆண்டு விழாவுக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் நாடகம் முதல் உலகப் போர் மூண்ட 1914-இல் தொடங்குகிறது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறிப் போய், திரும்பி வராதவர்கள் உண்டு. அவர்களுக்காக 1938-இல் திறந்துவைத்த போர் நினைவுச் சின்னம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-க்கு அங்கே விளக்கு போடும்போது நாமெல்லாம் போய்ப் பார்க்கிறோம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போன அன்று ஒரு மாணவி, "இவங்க அம்மா அப்பா எல்லாம் என்ன ஆனாங்க மிஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் நாடகமாயிற்று.

சங்கப் பாட்டு ஒன்றில், நேற்றைய போரில் கணவனை இழந்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி வாரி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். பாட்டு அதோடு முடிந்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நம் பிள்ளைகள் யோசித்திருக்கிறார்கள். நாடகத்து அப்பா, மகன் பட்டாளத்துக்குப் போவதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னவர். சாவுச் செய்தி வந்த பிறகு மனைவிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியவில்லை. 1918 நவம்பர் 11-இல் போர் முடிந்து ஊர் கொண்டாடுகிறது. அந்த வீட்டில் மட்டும் விளக்கு ஏற்ற ஆள் இல்லை. அப்போது அம்மா தாழ்ந்த குரலில் சொல்கிறாள்: "நீங்க மட்டுமா அனுப்பினீங்க? நானும்தானே தலை வாரி அனுப்பினேன்."

இந்த வரியை உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? அந்த நேரத்தில் ஒரு போன் அடித்தது. பின்வரிசையில் விசில் கேட்டது. தங்கள் பிள்ளையின் நடனம் முடிந்ததும் எழுந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். நடுவரிசையில் பலர் போனை உயர்த்தியபடி எழுந்து நின்றார்கள். பிரான்சில் இருக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பத்தான் எடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசை நியாயமானது. ஆனால் உங்களுக்குப் பின்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் இந்தோசீனாவுக்கு, அதாவது வியட்நாம் பக்கம், போன சொல்தா; பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். விழா முடிந்ததும் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு கடைசியா என்னம்மா சொல்லுச்சு? ஒண்ணும் தெரியல, போனுங்கதான் தெரிஞ்சுது" என்றார். நான் சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையை விடவில்லை.

"ஆண்டு விழாவில் எதற்கு அழுகை, வெற்றியைக் காட்டியிருக்கலாமே" என்று சிலர் கேட்டீர்கள். வெற்றியைக் கொண்டாடும் நடனமும் அதே மேடையில் நடந்தது, எல்லோரும் கைதட்டினோம். ராணுவத்தில் பிள்ளை இருக்கும் குடும்பங்கள் நம் பள்ளியிலும் உண்டு. நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் அவர்களுக்கு வயிறு என்ன பாடுபடும் என்று கேட்டுப் பாருங்கள். நாட்டுக்காக ஒரு வீடு எதைக் கொடுக்கிறது என்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் புரிந்துகொள்ள முயன்றதில் எனக்குப் பெருமைதான்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அம்மாவாக நடித்த மாணவி அழும் காட்சியை யாரோ வெட்டி, சிரிப்புப் பாட்டு சேர்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை மூன்று நாளாக வகுப்பில் யாரோடும் பேசவில்லை. அது யாரிடம் இருந்தாலும் இன்றே அழித்துவிடுங்கள். இனி ஒருமுறை இப்படி நடந்தால் சம்பந்தப்பட்ட பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன்.

நாடகம் வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மீண்டும் நடக்கும். போன்களை வாசலில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதிய உறையில் போட்டுக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உடம்பு முடியாதவர் இருந்தால் பள்ளி அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அழைப்பு வந்தால் உடனே வந்து சொல்வோம். நாடகம் முழுவதையும் பள்ளியே வீடியோ எடுக்கும், நடித்த பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் தருவோம். யாராவது போனைத் தூக்கினால் நாடகத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இரவெல்லாம் உட்கார்ந்து பட்டாளத்து உடைகளைத் தைத்துக் கொடுத்த அம்மாக்களுக்கும், தாத்தாவின் தகரப் பெட்டியை மேடைக்குத் தந்த குடும்பத்துக்கும், ஒத்திகை நாட்களில் சுண்டலும் டீயும் கொண்டுவந்தவர்களுக்கும், கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து பார்த்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் பிள்ளைகள் இன்னொரு முறை மேடையேறச் சம்மதித்தார்கள்.

முதல் இரண்டு வரிசைகள் தாத்தா பாட்டிகளுக்கு. அந்தப் பாட்டிக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
புதுச்சேரி